நிவர்த்தி என்று எழுதிய இடத்தில்

பணி ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வரும் இளைய நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். குவாண்டம் கணினி தருகிற விடையில் பிழை இருக்கிறது. அந்தப் பிழையைக் குறைக்க வழிகளும் இருக்கின்றன. ஆனால் அந்த வழிகளை எதுவரை நம்பலாம்? இதற்கான சூத்திரங்களை என்னைவிட நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். என்னால் சொல்ல முடிந்தது, காரைக்காலில் எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் அதற்கு மறுநாளும் நடந்ததைத்தான். சூத்திரத்தின் எல்லையை அன்றைக்கு நாங்கள் கண்டுபிடித்தது கணக்கால் அல்ல, ஒரு தமிழ்ச் சொல்லைப் பற்றிய சண்டையால்.

நாங்கள் மூன்று பேர். நான் கூடத்துக்குப் பொறுப்பு. நஸ்ரின் முனைவர் பட்டம் முடித்துவிட்டு உதவித்தொகையில் ஆய்வைத் தொடர்ந்துகொண்டிருந்தவர். கடற்கரைப் பக்கத்துப் பழைய வணிகக் குடும்பத்துப் பெண். செந்தில் எங்களுக்கு மென்பொருள் எழுதுபவர். சுரக்குடியிலிருந்து தினமும் திருநள்ளாறு வழியாக மோட்டார் சைக்கிளில் வருவார். இயந்திரம் எங்களிடம் இல்லை. அது எங்கோ ஒரு கடல் கடந்த நாட்டில், கடுங்குளிரில் தொங்கிக்கொண்டிருந்தது. இணையத்தின் வழியாக வரிசையில் காத்திருந்து அதனிடம் கேள்வி கேட்போம். அது விடை அனுப்பும். அந்த விடையில் இரைச்சல் இருக்கும்.

நஸ்ரின் எடுத்துக்கொண்ட கணக்கு இதுதான். சின்னஞ்சிறு காந்தங்கள் வரிசையாக நிற்கின்றன. காலம் போகப் போக அவற்றின் ஒழுங்கு எப்படிக் குலைகிறது? நீண்ட காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இயந்திரத்தில் செயல்களை அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் இரைச்சல் சேரும்; அடுக்குகளின் எண்ணிக்கையைத்தான் ஆழம் என்போம். ஓடும்போதே பிழையைப் பிடித்துச் சரிசெய்வது திருத்தம். அதற்கு வேண்டிய வசதி எங்களுக்குக் கிடைத்த இயந்திரத்தில் இல்லை. நாங்கள் செய்தது தணிப்பு. இரைச்சலை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். இன்னும் கூட்டிப் பார்ப்போம். விடை எப்படிச் சரிகிறது என்று ஒரு வளைவு வரைவோம். பிறகு அந்த வளைவைப் பின்னோக்கி நீட்டி, இரைச்சலே இல்லாத இடத்தில் விடை என்னவாக இருந்திருக்கும் என்று படிப்போம். இப்படி ஒவ்வோர் ஆழத்துக்கும் கிடைத்த விடையை ஒரு படத்தில் புள்ளியாக வைப்போம்.

அந்தப் பருவத்தோடு நஸ்ரினின் உதவித்தொகை முடிவதாக இருந்தது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு சனிக்கிழமை வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நஸ்ரினுக்கு வேறு வழி தயாராகவே இருந்தது: ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன், அங்கே ஓர் அலுவலகத்தில் கௌரவமான வேலை ஒன்று பார்த்து வைத்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அதில் சம்மதம், நஸ்ரினைத் தவிர. மறுப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம் குழுவின் கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், குழுவுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் கொடுப்பதற்காக நஸ்ரின் தமிழில் எழுதிய ஒரு பக்க அறிமுகத்தை நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். நல்ல உரைநடை. நடுவில் ஒரு வரி: ‘இம்முறையில், மிக ஆழமான அடுக்குகளிலும் பிழைகள் நிவர்த்தி செய்யப்பட்டன.’

செந்தில் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“ஏம்மா நஸ்ரின், இது யாரு வார்த்த? நம்ம வார்த்தயா, எங்க ஊரு போர்டா?”

“ஏண்ணே, நிவர்த்தின்னா நல்ல தமிழ்தானே?”

“தமிழுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. திருநள்ளாறு பூரா அதான் எழுதியிருக்கு. சனி தோஷ நிவர்த்தி, சர்வ தோஷ நிவர்த்தி, எங்கக்கா கடையில எள்ளு முடிச்சு விக்கிறாங்களே, அதுக்கு மேலயும் அதே போர்டுதான். ஆனா உள்ள போயி குருக்கள்கிட்ட கேட்டுப் பாரு. ‘தாக்கம் கொறையும்’பாரு. சனி போயிடும்னு ஒருநாளும் சொல்ல மாட்டாரு. போர்டு வேற, குருக்கள் வேற.” கொஞ்சம் நிறுத்தி, “நீ போர்டா, குருக்களா?” என்றார்.

“நான் நஸ்ரின். உங்க சண்டையில என்ன இழுக்காதீங்க” என்று அவர் சிரித்தார். “ஆனா எனக்கு நெஜமாவே போயிடுச்சே. மேடம், நீங்களே பாத்தீங்கள்ல? கடைசி அடுக்கு வரைக்கும் புள்ளி எல்லாம் கோட்டு மேல உக்காந்திருக்கு.”

உண்மைதான், பார்த்திருந்தேன். அழகான வளைவு. அழகான ஒன்றைக் கையில் வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்பது கொஞ்சம் கூச்சமான காரியம், அதுவும் மறுநாள் தேர்வை வைத்துக்கொண்டு. ஆனால் செந்தில் கிண்டலாகச் சொன்னது எனக்குள் உட்கார்ந்துவிட்டது. தாக்கம் குறைந்தது என்று சொல்வதற்கும், போய்விட்டது என்று சொல்வதற்கும் தேவைப்படும் சாட்சியங்கள் வேறு வேறு.

“போயிடுச்சுன்னு எப்படிம்மா தெரியும்?” என்றேன்.

“விடை சரியா வருதே மேடம்.”

“சரின்னு?”

“வர வேண்டிய எல்லைக்குள்ள வருது. சாதாரணக் கம்ப்யூட்டர்ல தோராயமா போட்டுப் பாத்தோம்ல, அதுக்குப் பக்கத்துல.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். எங்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“என்னாச்சு?” என்றார் செந்தில்.

“நான் எங்க உம்மா மாதிரியே பேசுறேன்.”

விஷயம் இதுதான். அண்ணன் ஷார்ஜாவில் கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து அம்மாவை அழைப்பார். பின்னால் இயந்திரங்களின் சத்தம், காற்று, யாரோ கத்துவது. உம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, “சாப்பிட்டியா வாப்பா?” என்று கேட்பார். மறுமுனையில் ஏதோ கரகரக்கும். உம்மா திரும்பி வீட்டிலுள்ளவர்களிடம், “சாப்பிட்டானாம்” என்பார். “என்ன சாப்பிட்டே?” மறுபடியும் கரகரப்பு. “பிரியாணியாம்.” ஒருநாள் அண்ணன் உண்மையில் சொன்னது, ‘அப்புறம் பேசுறேன்மா, ஒண்ணும் கேக்கல’ என்பதாம். அதற்கும் உம்மா, “நெறைய சாப்பிட்டானாம்” என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் மூவரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரிப்பு அடங்கியபோது மூவருக்கும் ஒரே சந்தேகம் வந்திருந்தது. கேட்பவர் எதிர்பார்ப்பதையே கேட்க முடியுமென்றால், எங்கள் வளைவும் அப்படி வந்திருக்கலாம் அல்லவா?

இயந்திரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க நேரமில்லை. வரிசையில் எங்கள் முறை அடுத்த வாரம்தான். செந்தில்தான் வழி சொன்னார்.

“லைன கட் பண்ணிட்டுப் பேசிப் பாப்போம். அப்பவும் உம்மா ‘சாப்பிட்டான்’னு சொன்னாங்கன்னா தெரிஞ்சு போயிடும்ல?”

அதாவது, இயந்திரம் அனுப்பிய விடைகளுக்குப் பதிலாக, நாணயத்தைச் சுண்டியதுபோல் கணினியே உருவாக்கிய வெறும் தற்செயல் எண்களை எங்கள் நிரலுக்குள் போடுவது. அவற்றில் காந்தமும் இல்லை, காலமும் இல்லை, எதுவுமே இல்லை. நேர்மையான முறையாக இருந்தால், ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று நிரல் கைவிரிக்க வேண்டும்.

செந்தில் தட்டினார். நஸ்ரின் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் ஜன்னலோரம் நின்றேன். பார்க்க விருப்பம் இல்லாததால் அல்ல, நஸ்ரினின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிய வேண்டாம் என்பதால்.

ஆழம் குறைந்த அடுக்குகளில் தற்செயல் எண்கள் குப்பையைத்தான் தந்தன. அது நல்ல செய்தி. அந்த இடங்களில் எங்கள் விடை இயந்திரத்திடமிருந்துதான் வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஆழம் கூடக் கூடப் புள்ளிகள் மெல்ல வரிசைக்கு வந்தன. கடைசியில், நாங்கள் மறுநாள் காட்டவிருந்த அதே இடத்தில், ஒழுங்காக, சமர்த்தாக உட்கார்ந்தன.

“அடேங்கப்பா! மெஷின் இல்லாமயே மெஷின விட நல்லா வருதே!” என்றார் செந்தில்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வளைவைப் பின்னோக்கி நீட்டும்போது சில சமயம் விடை எங்கேயோ போய் விழும். அப்படி நடக்கவே முடியாத விடைகளைத் தள்ளிவிடும்படி நிரலில் ஒரு விதி இருந்தது; ஆழம் கூடக் கூட அதன் எல்லையை இறுக்கி வைத்திருந்தோம். எங்கள் துறையில் பல கூடங்களில் இருக்கும் விதிதான். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். இயந்திரத்தின் குரல் கேட்கும் வரை அந்த விதிக்கு அதிக வேலை இல்லை. அடுக்குகள் ஏற ஏற இரைச்சல் குரலை மூடிவிடுகிறது. அப்போது நீட்டப்பட்ட வளைவுகள் நான்கு திசையிலும் சிதறுகின்றன. வெளியே விழுந்தவற்றை விதி தள்ளுகிறது. உள்ளே மிஞ்சியவற்றின் சராசரி, எல்லையின் நடுவில் வந்து நிற்கிறது. எல்லையை வைத்ததோ நாங்கள்.

விதியை நீக்கிவிட்டு, இயந்திரம் உண்மையில் அனுப்பிய எண்களைக் கொண்டு மறுபடி வரைந்தோம். தொடக்க அடுக்குகளில் புள்ளிகள் அசையவில்லை. தணிப்பு அங்கே தன் வேலையைச் செம்மையாகச் செய்திருந்தது. அதை நினைக்க இப்போதும் எனக்குப் பெருமைதான். நடுவில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் இழுக்கும் நிச்சயமின்மைக் கோடு நீளத் தொடங்கியது. அதற்கும் அப்பால் அந்தக் கோடு படத்தின் அடியிலிருந்து உச்சி வரை போய், படத்தை விட்டே வெளியேறியது. அதைச் சுருக்கலாம், மேலும் மேலும் ஓட்டிப் பார்த்தால் சுருங்கும். ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் ஓட்டங்களைக் கூட்டிக்கொண்டு போனால் போதாது, பெருக்கிக்கொண்டே போக வேண்டும். விரைவிலேயே உலகத்திலுள்ள இயந்திரங்கள் எல்லாம் நமக்காக மட்டும் ஓடினாலும் போதாத நிலை வந்துவிடும். தணிப்பின் எல்லை என்று நீங்கள் நூல்களில் படிப்பது இதைத்தான். இரைச்சல் தகவலை ஒளித்து மட்டும் வைத்திருந்தால், பொறுமையோடு தேடி எடுக்கலாம். கரைத்தே விட்டிருந்தால், தேடுகிறவர் தன்னையேதான் எடுத்துக்கொண்டு வருவார்.

மாலை ஆகிவிட்டது. செந்தில் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. நேத்து வரைக்கும் இது நமக்குத் தெரியாது. நாளைக்கு ஒருநாள் பழைய படத்தையே காட்டிட்டு, நஸ்ரினுக்கு எக்ஸ்டென்ஷன் வந்ததுக்கு அப்புறம் நிதானமா திருத்திக்கலாமே? பொய் சொல்லல. கொஞ்சம் லேட்டா சொல்றோம், அவ்வளவுதான்.”

அவர் அதை யாருக்காகச் சொன்னார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீங்களும் ஒருநாள் ஒரு குழுவுக்குப் பொறுப்பாவீர்கள். அப்போது, ‘நீயே முடிவு செய்’ என்று சொல்வது பெருந்தன்மைபோலத் தோன்றும். ஆனால் அதிகமாக இழக்கப்போகிறவர் யாரோ, அவரிடமே உண்மையைச் சொல்லலாமா என்ற முடிவை ஒப்படைப்பது பெருந்தன்மை அல்ல. அவர் சரி என்றால் தனியாகத் தியாகம் செய்தவராகிறார். வேண்டாமென்றால் தனியாகக் குற்றம் சுமக்கிறார். பொறுப்பு என்ற சொல்லுக்கு அந்த நேரத்தில் ஒரே பொருள்தான்: முடிவை நாம் எடுத்துக்கொள்வது.

“புதுப் படத்தைத்தான் காட்டுறோம். இது என் முடிவு. நாளைக்கு நானே எழுந்து பேசுறேன். யாரும் கேட்டா என்னைக் கேக்கட்டும்” என்றேன்.

செந்தில் தலையாட்டினார். நஸ்ரின் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

“முடிவு உங்களோடது மேடம். சரி. ஆனா பேசுறது நான்தான். நல்லா வந்தப்ப நான் பேசுறதா இருந்துச்சுல்ல? இப்ப மட்டும் நீங்க பேசினா, நான் ஏதோ திருடிட்டு ஒளிஞ்சிருக்கிற மாதிரி இருக்காது?”

அறிமுகப் பக்கத்தை அவரே எடுத்து, அந்த வரியைத் திருத்தினார். ‘ஆழமான’ என்ற சொல் போயிற்று; ‘நிவர்த்தி’ போயிற்று; ‘ஓர் எல்லைவரை தணிக்கப்பட்டன’ என்று வந்தது. செந்தில் எட்டிப் பார்த்துவிட்டு, “குருக்களே, வணக்கம்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. திருநள்ளாற்றில் பக்தர்கள் கூட்டம். அதற்குள் சிக்கிய செந்தில் குழுவுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தார். குழுத் தலைவர் பெருநகரம் ஒன்றில் பெரிய ஆய்வுக்கூடம் நடத்தும் பேராசிரியர். உயரமானவர், அதிகம் சிரிக்காதவர், கொங்கு நாட்டுக்காரர். பேச்சு தொடங்குமுன் தேநீர் கொடுத்தோம். நஸ்ரின் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் வந்திருந்தது. அதிலிருந்து ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவர் நேராகப் பேராசிரியரிடம் போய், மிகுந்த மரியாதையோடு நீட்டி, “வாடா, சார்” என்றார்.

பேராசிரியர் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் வாழ்நாளில் ஓர் இளம் ஆய்வாளர் அவரை அப்படி அழைத்திருக்க வாய்ப்பில்லை.

செந்தில்தான் ஓடி வந்தார். “சார், சார், அது பலகாரம் சார்! அரிசி மாவுல இறால் வச்சுச் சுடுறது. இந்தப் பக்கம் அதுக்குப் பேரே வாடாதான். உங்கள யாரும் வாடான்னு சொல்லல!”

நஸ்ரின் முகம் சிவந்து, “அல்லாவே!” என்று தட்டை மேசையில் வைத்துவிட்டார். பேராசிரியர் ஒன்றை எடுத்துக் கடித்தார். நிதானமாக மென்றார். “இன்னொருக்கா கூப்பிடுங்க” என்றார். அறை முழுவதும் சிரித்தது.

அந்தச் சிரிப்பு எங்களுக்குச் சாதகமாக அமையும் என்று நான் எண்ணவில்லை; அப்படி நீங்களும் எண்ணாதீர்கள். நல்ல மதிப்பீட்டாளர் வாடாவைத் தின்றுவிட்டுக் கேள்வியைக் கூர்மையாகத்தான் கேட்பார். அவரும் அப்படியே கேட்டார்.

நஸ்ரின் இரண்டு படங்களையும் காட்டினார். முதலில் அழகான வளைவின் ஆழமான பகுதி மட்டும். அடுத்து, தற்செயல் எண்களால் வந்த அதே அழகான பகுதி. எது இயந்திரத்தின் விடை, எது நாணயம் சுண்டியது என்று சொல்லாமல் குழுவினரையே கண்டுபிடிக்கச் சொன்னார். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. பெரும்பாலோர் தவறாகச் சொன்னார்கள். பிறகு மூன்றாவது படம், உச்சி முதல் அடிவரை ஓடும் கோடுகளோடு.

பேராசிரியர் முன்னால் சாய்ந்தார். “உங்க விண்ணப்பத்துல கடைசி அடுக்கு வரைக்கும் விடை கிடைக்கும்னு எழுதியிருந்தீங்க. அப்படின்னா இப்ப அந்த மெஷின் உங்களுக்கு என்னதான் சொல்லுச்சுங்க?”

நஸ்ரின் படத்தின் நடுவே ஓர் இடத்தைத் தொட்டார்.

“இது வரைக்கும் அது பேசுச்சு சார். இதுக்கு மேல நாங்கதான் பேசிட்டிருந்தோம்.”

பேராசிரியர், தற்செயல் எண்களால் சோதிக்கும் அந்த நிரலின் ஒரு பிரதி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். செந்தில் கொடுத்தார். கார் புறப்பட்டுப் போனது. முடிவு என்னவென்று எவர் முகத்திலும் தெரியவில்லை.

அதற்குப் பின்வந்த நாட்களை நஸ்ரின் எங்களைவிட நன்றாகச் சமாளித்தார். ஷார்ஜா வேலைக்கான தாள்களை ஒருபுறம் சேகரித்துக்கொண்டே, மறுபுறம் தொடக்க அடுக்குகளை மட்டும் வைத்து எதைச் செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டுல எது நடந்தாலும் ஒரு வேல மிச்சம்” என்பார். செந்தில்தான் ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் எழுந்து நின்றார்.

ஒரு முற்பகலில் அழைப்பு எனக்கு வந்தது. பேராசிரியர். வழக்கமான நலம் விசாரிப்புகூட இல்லை.

“மேடம், அந்த நிரல எங்க ஆய்வுக்கூடத்து டேட்டாவுல போட்டுப் பாத்தேனுங்க. எங்க சிறந்த வளைவுன்னு நாங்க சுவத்துல மாட்டி வச்சிருக்கறது.”

“என்ன வந்தது?”

“கழட்டி வச்சிட்டோமுங்க.”

நான் சிரிக்காமல் இருக்க மிகவும் முயன்றேன். அவரே சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: நீட்டிப்புக்குக் குழு ஒப்புதல் அளித்துவிட்டது. ஆனால் தலைப்பு மாறும். காந்தங்களின் நீண்ட காலக் கதை இனி இல்லை. எந்தத் தணிப்பு முறை எந்த இடத்தில் தன் பேச்சைத் தானே பேசத் தொடங்குகிறது என்பதைக் கண்டறிவதுதான் புதிய வேலை. மற்ற கூடங்களும் தங்கள் வளைவுகளை அனுப்பும். முதலில் பேராசிரியரின் கூடத்திலிருந்தே வரும்.

நஸ்ரின் எதிரே நின்றிருந்தார். கையில் இருந்த ஷார்ஜா வேலைத் தாள்களைக் கீழே வைக்கவில்லை. நான் செய்தியைச் சொல்லவில்லை. அதை அவர் நேரடியாகக் கேட்பதே முறை என்று தோன்றியது. தொலைபேசியை நீட்டினேன்.

அவர் காதில் வைத்துக் கேட்டார். “ஆமா சார்... ஆமா... சரி சார்.” செந்தில் கதவருகே நின்றார். நஸ்ரின் தாள்களை மேசையோரம் வைத்தார். பார்க்காமலேயே, ஒரு விரலால் மெல்லத் தள்ளி விட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“கழட்டுன படத்த அப்படியே அனுப்பிடுங்க சார். அதுல எது வரைக்கும் மெஷின் பேசியிருக்குன்னு பாப்போம். கொஞ்சமாச்சும் பேசியிருக்கும்.”